எரிமீன் சுவடுகளும் எட்டாத காற்றும்: மதுரையிலிருந்து ஐந்து நாள்

முதல் நாள், டிசம்பர் 12, மதுரை

காலையில் பாண்டியன் விரைவு வண்டியிலிருந்து இறங்கியபோது மதுரையில் வாடை வீசிக்கொண்டிருந்தது. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று காற்றுக்கு நான்கு பெயர் வைத்த மொழி நம்முடையது. அந்த நான்கும் உடம்பில் படும் காற்றுகள். யாருடைய உடம்பிலும் படாத ஒரு காற்றை மனத்தில் வைத்துக்கொண்டு நான் இந்தப் பயணத்தைத் தொடங்குகிறேன். தரையிலிருந்து 80 முதல் 100 கிலோமீட்டர் உயரத்தில், இதே மதுரைக்கு மேலேயும், அது ஓயாமல் வீசிக்கொண்டிருக்கிறது.

அந்த உயரம் அளவைக் கருவிகளுக்கு மிகவும் சங்கடமான உயரம். வானிலைத் துறையினர் பறக்கவிடும் பலூன் பெரும்பாலும் 35 கிலோமீட்டரைத் தாண்டுவதற்குள் வெடித்துவிடும். செயற்கைக்கோளை அவ்வளவு தாழ்வாகச் சுற்றவிட்டால், இருக்கும் கொஞ்சக் காற்றே அதை இழுத்துக் கீழே தள்ளிவிடும். ராக்கெட் அங்கே போகும். ஆனால் சில நிமிடங்களில் கடந்துபோய்விடும். நம் நாட்டின் விண்வெளி முயற்சியே இந்தக் காற்றைத் தேடித்தான் தொடங்கியது என்பதை நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வது வழக்கம். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து புறப்பட்ட நைக் அப்பாச்சி ராக்கெட், மாலை இருட்டும் வேளையில் சோடியம் ஆவியை மேலே விட்டுச் சென்றது. தரையில் இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் இருந்ததால் ஆவி ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. அது எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக இழுபட்டது என்று பார்ப்பதே காற்றை அளக்கும் வழியாக இருந்தது.

அதே வேலையை எரிமீன்கள் இரவு பகல் பாராமல் செய்துகொண்டிருக்கின்றன. மணல் பருக்கை அளவோ அதைவிடச் சிறியதோ ஆன ஒரு துகள், நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைந்து, பெரும்பாலும் 80க்கும் 100க்கும் இடைப்பட்ட உயரத்தில் ஆவியாகிவிடுகிறது. அது போன தடத்தில் பல கிலோமீட்டர் நீளத்துக்கு அயனிகளும் எலக்ட்ரான்களுமாக ஒரு மெல்லிய கோடு மிஞ்சுகிறது. ரேடியோ அலைக்கு அந்தக் கோடு கண்ணாடி போன்றது. தரையிலிருந்து அனுப்பிய அலை அதில் பட்டுத் திரும்பினால், அந்த எதிரொலிக்குள் காற்றின் வேகம் எழுதப்பட்டிருக்கும்.

நாளை இரவு ஜெமினிட் எரிமீன் பொழிவின் உச்சம். தங்கை வீட்டு மொட்டை மாடியில், கொடைக்கானல் கோபுரத்தை நோக்கித் திருப்பிய நிலையிலேயே துருப்பிடித்து நின்ற பழைய டிவி ஆண்டெனாவின் குழாய்களைக் கழற்றினோம். போதாததற்கு டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் அலுமினியக் குழாய் வாங்கி, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அளவில் மூன்றாக அறுத்தோம். அது பண்பலை வானொலி அலைநீளத்தில் பாதி. பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் தங்கை மகன் குழாயைப் பிடித்துக்கொண்டே கேட்டான்.

“இத வச்சுக் காத்த அளந்துரலாமா மாமா?”

அளக்க முடியாது, எண்ணத்தான் முடியும் என்று சொன்னேன். பண்பலையில் அலையின் அதிர்வெண்ணே குரலுக்கும் பாட்டுக்கும் ஏற்ப ஆடிக்கொண்டிருப்பதால், காற்று உண்டாக்கும் நுண்ணிய மாற்றத்தை அதிலிருந்து நம் கருவியால் பிரித்தெடுக்க இயலாது. எரிமீன் சுவடு ரேடியோ அலையைத் திருப்பி அனுப்புகிறது என்பதைக் காதால் கேட்டுவிட்டால் எனக்குப் போதும். காற்றை அளக்கும் கதையை அதற்குப் பின் சொல்கிறேன் என்றேன்.

இரண்டாம் நாள், டிசம்பர் 13, அரிட்டாபட்டி

மேலூர் சாலையில் யானைமலையைக் கடந்து, பிற்பகலில் அரிட்டாபட்டி வந்து சேர்ந்தோம். கழிஞ்சமலையின் சமணர் படுக்கைகளையும், குகைத்தளத்துத் தமிழி எழுத்துகளையும், பாறையைக் குடைந்து செய்த சிவன் கோயிலையும் வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட்டோம். 2022இல் இவ்வூர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. எங்களுக்கு இவ்வூர் பிடித்ததற்குக் காரணம் வேறு: மதுரையின் விளக்கு வெளிச்சமும் மின்கருவிகளின் இரைச்சலும் இங்கே குறைவு.

வானம் முழுக்க மேகம் மூடிக்கொண்டது. ஏழு மணிக்குத் தூறல் போட்டது. தெரிந்தவர் ஒருவரின் வீட்டு மாடியில், தகரக் கூரைக்கு வெளியே ஆண்டெனாவை மூங்கிலில் கட்டி வடக்கு வடகிழக்காகத் திருப்பி வைத்தோம். அந்த வீட்டுப் பெரியம்மா படியேறி வந்து பார்த்தார்.

“மேகம் மூடிக் கெடக்கு, என்னத்தய்யா பாக்குறீக?”

எரிநட்சத்திரம் விழும் சத்தத்தைக் கேட்கப் போகிறோம் என்று சொன்னோம். நட்சத்திரம் விழுவதைக் கண்டால் உடனே ஏதாவது பச்சை மரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிவிட்டு, சத்தம் வரும்வரை இருப்பதாகக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

கோடைப் பண்பலையின் 100.5 இங்கே மலைபோல் நிற்கிறது. மதுரை நிலையங்களும் அப்படியே. அவற்றுக்கு இடையில் எதுவும் கேட்காத ஒரு வெற்றிடத்தைத் தேடி எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. பண்பலை அலை பொதுவாக அடிவானத்தைத் தாண்டி அதிக தூரம் வளைந்து வராது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நிலையம் இங்கே கேட்க வேண்டுமானால், நடுவில் 90 கிலோமீட்டர் உயரத்தில் எதிலாவது பட்டுத் திரும்பி வந்தாக வேண்டும். ஆகவே வெறும் இரைச்சலுக்கு நடுவே திடீரென்று ஒரு துணுக்குப் பாட்டுக் கேட்டால், வழியில் ஓர் எரிமீன் கோடு கிழித்திருக்கிறது என்று பொருள்.

எட்டேகாலுக்கு முதல் துணுக்கு வந்தது. அரை நொடி இருக்கலாம். ஒரு தபலா அடி, அவ்வளவுதான். மடிக்கணினித் திரையில் அதே கணத்தில் ஒரு வெள்ளைக் கீற்று விழுந்தது. பிறகு ஒன்று, இன்னொன்று. அவற்றோடு கலந்து மதுரைக்கு வந்துபோகும் விமானங்களின் எதிரொலியும் வந்தது. அது அலையலையாக ஏறி இறங்கி அரை நிமிடம் நீடிப்பதால் அடையாளம் காண்பது எளிது. எரிமீனின் எதிரொலி சட்டென்று உச்சத்தில் தொடங்கித் தேய்ந்து மறையும்.

பத்தரை மணிக்குப் பெரியதாக ஒன்று வந்தது. இந்தியில் ஒரு பெண் அறிவிப்பாளரின் குரல், அடுத்த அறையில் இருந்து பேசுவதுபோல் நான்கைந்து நொடி தெளிவாகக் கேட்டுவிட்டு அறுந்தது. மருமகன் எழுந்தே நின்றுவிட்டான். பெரியம்மா மேகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த புளியமரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்பது ஆண்டு இயற்பியல் சொல்லிக்கொடுத்த எனக்கு உடம்பு சிலிர்த்ததைப் பதிவு செய்ய வேண்டும். மேகமும் தூறலும் மறைத்த வானத்தில், கண்ணால் ஒன்றையும் காணாமல், தலைக்கு மேலே எங்கோ எரிந்து தீர்ந்த ஒரு சிறு கல்லை நாங்கள் மூவரும் அறிந்துகொண்டோம்.

மூன்றாம் நாள், டிசம்பர் 14, அரிட்டாபட்டியிலிருந்து கொடைக்கானல்

விடியும்வரை விழித்திருந்தோம். ஜெமினிட் கூட்டம் வானில் உச்சிக்கு ஏறிய இரண்டு மணியளவில் எதிரொலிகள் பெருகும் என்று மருமகன் எதிர்பார்த்தான், மாறாகக் குறைந்தன. இதற்குக் காரணம் கண்ணாடியின் இயல்பே. ரேடாரில் அலை போன வழியே திரும்பி வர வேண்டுமானால், எரிமீன் கோடு பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக அமைய வேண்டும். எங்களைப்போல் வெளியூர் நிலையத்தைக் கேட்பவர்களுக்கும் கோட்டின் சாய்வு அதற்கேற்றபடி பொருந்த வேண்டும். உச்சியிலிருந்து நேராகக் கீழே விழும் எரிமீன்களில் பெரும்பாலானவை அப்படிப் பொருந்துவதில்லை. கண்ணுக்கு வானம் மிகச் செழிப்பாக இருக்கும் நேரம் ரேடியோவுக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை.

அதிகாலையில் வேறொரு பெருக்கம் தெரிந்தது. இது எந்தப் பொழிவையும் சேராத அன்றாட எரிமீன்களால் வருவது. பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தூறலில் டிவிஎஸ் 50 ஓட்டிப் போகிறவருக்கு நெஞ்சு நனைந்து முதுகு காய்ந்திருப்பதுபோல், ஓடும் பூமிக்கு விடியல் பக்கம் நெஞ்சு, அந்திப் பக்கம் முதுகு. அதனால்தான் எரிமீன் ரேடார்களில் காலை ஆறு மணியளவில் எண்ணிக்கை மிகுந்தும் மாலை ஆறு மணியளவில் குறைந்தும் இருக்கிறது. காற்றை அளப்பவர்கள் நம்பியிருப்பது இந்த அன்றாட எரிமீன்களைத்தான். ஒரு நல்ல ரேடார் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் இவற்றைப் பிடித்துவிடும். பொழிவு நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

காலையில் மேலூர் வழியாக மதுரைக்குத் திரும்பி, வத்தலக்குண்டுப் பேருந்தில் ஏறினோம். நிலக்கோட்டைப் பக்கம் பூ மூட்டைகள் ஏறியதும் மருமகன் தூக்கம் கலைந்து ஒரு கேள்வி கேட்டான். அதைக் கேட்காதவர் இருந்தால்தான் வியப்பு. எரிமீன் நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது, அதை வைத்து நொடிக்கு 30 மீட்டர் வீசும் காற்றை எப்படிப் பிரித்தறிவது?

பாய்வது கல். அது ஒரு நொடிக்குள் தீர்ந்துவிடுகிறது. நாம் அளப்பது அது விட்டுச்சென்ற சுவட்டை. கொல்லன் பட்டறையில் தீப்பொறி பறந்து அணைந்த பிறகும் புகை நின்று மெல்ல நகர்வதுபோல், சுவடு அங்கேயே நிற்கிறது. 90 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் சுமார் மூன்றரை லட்சத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் சுவட்டின் அயனிகளைத் தன்னோடு இழுத்துச் செல்ல அது போதும். அதனால் சுவடு காற்று போகும் பக்கம் அதே வேகத்தில் நகர்கிறது.

அதற்குக் கிடைக்கும் நேரம்தான் மிகக் குறைவு. சுவடு பரவிப் பரவி, அதன் அகலம் அலைநீளத்தோடு ஒப்பிடும் அளவுக்கு வந்ததும் எதிரொலி மங்கிவிடும். எதிரொலி நீடிக்கும் காலம் அலைநீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்பதால், பண்பலையைவிட நீளமான அலையை எரிமீன் ரேடார்கள் பயன்படுத்துகின்றன. தும்பாவில் 2004 முதல் இயங்கிய எரிமீன் ரேடாரின் அதிர்வெண் 35.25 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் எட்டரை மீட்டர். அந்த அலைக்கு 90 கிலோமீட்டர் உயரத்தில் சுவடு ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு காலம் தாங்கும். நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் ரேடாரை நோக்கியோ விலகியோ நகரும் சுவடு, அந்த அதிர்வெண்ணில் உண்டாக்கும் மாற்றம் வெறும் 7 ஹெர்ட்ஸ். மூன்றரைக் கோடி அதிர்வில் ஏழு. அதைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பிடித்துவிடுகிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கைகளை வணங்கத் தோன்றுகிறது.

எதிரொலி எவ்வளவு விரைவில் தேய்கிறது என்பதும் வீண் போவதில்லை. பரவும் வேகம் அங்குள்ள வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறுத்தது. ஆகவே தேய்மானத்திலிருந்து அந்த உயரத்தின் வெப்பநிலையை மதிப்பிடுகிறார்கள்.

மலைப்பாதையில் பனி இறங்கிவிட்டது. மற்றவை நாளைக்கு.

நான்காம் நாள், டிசம்பர் 15, கொடைக்கானல்

சூரிய ஆய்வகத்துக்கு நடந்தே ஏறினோம். 1901 முதல் 2,300 மீட்டருக்கு மேற்பட்ட இந்த மேட்டில் சூரியனைப் பார்த்துவருகிறார்கள். எரிமீனோடு இந்த இடத்துக்கு நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் எரிமீன் காற்றின் நடுமுடிச்சு எதுவோ அது இங்கே நூறாண்டுக்கு முன்பே அவிழ்க்கப்பட்டிருக்கிறது. மருமகனை அழைத்து வந்ததே அதற்காகத்தான்.

1909இல் ஜான் எவர்ஷெட் இங்கே சூரியப் புள்ளிகளின் நிறமாலையை எடுத்துக்கொண்டிருந்தார். புள்ளியின் ஓரப் பகுதியில் கோடுகள் இடம் விலகியிருப்பதைக் கண்டார். நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளி நீலப் பக்கமும் விலகும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கமும் நகரும் டாப்ளர் விளைவு அது. புள்ளி சூரிய வட்டின் நடுவில் இருக்கும்போது விலகல் காணப்படவில்லை. விளிம்பை நோக்கிச் சென்றபோது நன்றாகத் தெரிந்தது. அதிலிருந்து, வாயு மேலும் கீழுமாகப் போகாமல் புள்ளியின் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக, சூரியனின் பரப்பை ஒட்டிக் கிடையாக ஓடுகிறது என்று அவர் முடிவுகட்டினார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் இன்றும் அதை அழைக்கிறது.

காட்சிக்கூடத்தில் நிறமாலைப் பட்டையின் முன் நின்றுகொண்டு இதை அவனுக்கு விளக்கினேன். டாப்ளர் விளைவு சொல்வது பார்வைக் கோட்டின் வழியே உள்ள வேகத்தை மட்டுமே. குறுக்கே ஓடுவதைப் பற்றி அது வாய் திறக்காது. எரிமீன் ரேடாருக்கும் இதே குறைதான். தலைக்கு நேர் மேலே உள்ள சுவட்டைக் கிடைக்காற்று எவ்வளவு தள்ளினாலும் ரேடாருக்கு அது தெரியாது. புள்ளி வட்டின் நடுவில் இருக்கும் நிலை அது. சாய்வாகக் கிழக்கே தெரியும் சுவடு கிழக்கு மேற்குக் காற்றைச் சொல்லும். வடக்கே தெரிவது வடக்குத் தெற்குக் காற்றைச் சொல்லும். ஒரு சுவடு பாதிச் செய்தி கூடத் தராது.

ஆகவே பலவற்றைச் சேர்க்கிறார்கள். ஒரு மணி நேரத்தில், இரண்டு மூன்று கிலோமீட்டர் கனமுள்ள ஒரு படலத்தில், வெவ்வேறு திசைகளில் தெரிந்த சுவடுகளை எல்லாம் ஒன்றாக எடுத்துக்கொண்டு, மேல்கீழ் அசைவு மிகச் சிறியது என்று விட்டுவிட்டு, எந்த ஒரே காற்று இவை அனைத்துக்கும் நன்றாகப் பொருந்துகிறது என்று கணக்கிடுகிறார்கள். ஐந்தாறு சுவடாவது இல்லாவிட்டால் அந்த மணிக்கு விடை எழுதுவதில்லை. மாலை ஆறு மணிப் பஞ்சம் இங்கேதான் உறைக்கும்.

சுவடு இருக்கும் திசை எப்படித் தெரியும்? தரையில் ஐந்து ஆண்டெனாக்களைச் சிலுவை வடிவில் நட்டு, ஒரே எதிரொலி ஒவ்வொன்றையும் எவ்வளவு முன்பின்னாக வந்தடைகிறது என்று ஒப்பிடுகிறார்கள். நடு ஆண்டெனாவிலிருந்து ஒரு பக்கத்துக்கு இரண்டு அலைநீளமும் எதிர்ப்பக்கத்துக்கு இரண்டரை அலைநீளமும் இடைவெளி விடுகிறார்கள். இந்தச் சிறிய ஏற்றத்தாழ்வில் தான் சூட்சுமம் இருக்கிறது. இடைவெளி பெரிதாக இருந்தால் திசை துல்லியமாகக் கிடைக்கும், ஆனால் ஒரே அளவீட்டுக்குப் பல திசைகள் பொருந்திக் குழப்பும். சிறிதாக இருந்தால் குழப்பம் இருக்காது, ஆனால் அருகருகே நிற்கும் ஆண்டெனாக்கள் ஒன்றையொன்று பாதிக்கும். இரண்டுக்கும் இரண்டரைக்கும் உள்ள அரை அலைநீள வித்தியாசம், அரை அலைநீள இடைவெளியில் இரு ஆண்டெனாக்களை வைத்தது போன்ற தெளிவைத் தந்துவிடுகிறது. 1998இல் வெளிவந்த இந்த அமைப்பு இப்போது உலகெங்கும் உள்ள எரிமீன் ரேடார்களில் நிற்கிறது. 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சுவட்டின் திசையில் ஒரு டிகிரி பிசகினாலும் உயரத்தில் இரண்டு கிலோமீட்டர் வரை தவறும் என்பதை நினைத்தால், இதன் அருமை விளங்கும்.

இந்த முறை ஒரே நாளில் பிறந்ததில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவ ரேடார்களில் இனம் தெரியாத எதிரொலிகள் வந்து தொந்தரவு செய்தன. ஹே என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளரும் அவருடைய துணைவர்களும் அவற்றை எரிமீன்களோடு பொருத்திக் காட்டினார்கள். 1946 அக்டோபரில் வந்த டிராகோனிட் பொழிவை லவல் என்ற வானியலாளரின் குழுவினர் இங்கிலாந்தின் ஜோட்ரெல் பாங்கில் ராணுவம் கழித்துவிட்ட ரேடாரால் பதிவு செய்தார்கள். 1950இல் ஸ்டான்ஃபோர்டில் மேனிங், வில்லார்ட், பீட்டர்சன் மூவரும் எரிமீன் எதிரொலியின் டாப்ளர் நகர்விலிருந்து மேற்காற்றை அளந்து வெளியிட்டார்கள். இடையூறு என்று ஒதுக்கப்பட்டதை எடுத்து அளவுகோலாக்கியவர்கள் அவர்கள்.

மாலையில் ஏரிக்கரையில் குளிர் தாங்கவில்லை. சீக்கிரமே அறைக்குத் திரும்பினோம்.

ஐந்தாம் நாள், டிசம்பர் 16, மதுரை

இன்று மார்கழி முதல் நாள். நேற்றிரவே புறப்பட்டு அதிகாலையில் வீடு வந்தோம். தெருவில் கோலமும் கோயில் ஒலிபெருக்கியும் தொடங்கிவிட்டன. வாடை அதே வடக்கிலிருந்து, ஐந்து நாளாக மாறாமல் வீசுகிறது.

மேலே அப்படியில்லை. எரிமீன் ரேடார்கள் நமக்குச் சொன்னவற்றில் என்னை மிகவும் ஈர்த்தது இதுதான். சூரிய வெப்பத்தை நீராவியும் ஓசோனும் உறிஞ்சுவதால் வளிமண்டலத்தில் நாள்தோறும் ஓர் அலை எழுகிறது. கடலில் ஏற்ற வற்றம் இருப்பதுபோல் காற்றிலும் உண்டு. தரையருகே அது மிகச் சிறியது. மேலே ஏற ஏறக் காற்று மெலிவதால் அலையின் வீச்சு பெருத்துக்கொண்டே போய், 90 கிலோமீட்டரில் நொடிக்குப் பல பத்து மீட்டர் காற்றாகிவிடுகிறது. நம்மைப் போன்ற தாழ்ந்த அட்சரேகைகளில் இருபத்து நான்கு மணி நேர அலையே ஓங்கி நிற்கிறது. அந்த அலையின் காற்று ஒரே நாளில் திசைகளையெல்லாம் சுற்றி வருகிறது. வாடையாக வீசிக் கொண்டலாகித் தென்றலாகிக் கோடையாகி மீண்டும் வாடையாவதற்கு அங்கே ஒரு பகலும் ஓர் இரவும் போதும். தரையில் பருவத்துக்கு ஒரு பெயர் வைத்தோம். அங்கே ஆறு மணி நேரத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருக்கும்.

தென்தமிழ்நாட்டுக்கு இதில் தனி உரிமை இருக்கிறது. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் 1992 முதல் 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்று, எரிமீன்களை நம்பாமல் வேறொரு முறையில் இதே காற்றை அளந்துவந்திருக்கிறது. பூமியின் காந்த முள் கிடையாக நிற்கும் கோடு அந்தப் பக்கமாகத்தான் செல்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் ஒரு பெரும் மின்னோட்டம் பாய்கிறது. மேல்வளிக் காற்று அயனிகளைக் காந்தப்புலத்துக்குக் குறுக்கே தள்ளுவதால் எழும் மின்சாரமே அதற்கு மூலம். மின்னோட்டத்தைப் புரிந்துகொள்ளக் காற்று தெரிய வேண்டும். காற்றை அறிய, அதில் ஒரு கணம் மிதந்த சுவடு தெரிய வேண்டும். 90 கிலோமீட்டருக்கு மேலே இரு வகை ரேடார்களின் அளவுகள் சற்றே வேறுபடுகின்றன. எரிமீன் ரேடார் காட்டும் வேகம் பொதுவாகக் கூடுதலாக இருக்கிறது. அத்தகைய வேறுபாடு வரும்போதுதான் ஒன்றுக்கொன்று சாட்சியாக இரண்டும் தேவைப்படுகின்றன. நம் பள்ளிக்கூடப் பாடங்களில் அடிவளியின் பருவக்காற்றோடு நின்றுவிடாமல், நம் ஊர்களுக்கு நேர் மேலே அளக்கப்பட்ட இந்தக் காற்றையும் ஒரு பாடமாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

மருமகன் ஆண்டெனாவை மொட்டை மாடியில் பழைய டிவி கம்பத்திலேயே மறுபடி கட்டிவிட்டான். இம்முறை கொடைக்கானல் பக்கம் திருப்பவில்லை. மதுரையின் இரைச்சலில் எதுவும் கேட்காது என்று நான் சொன்னேன். தெருவெல்லாம் ஒலிபெருக்கி அதிர்ந்துகொண்டிருக்க, காதுக்கருவியை இரு கையாலும் பொத்திக்கொண்டு ஆறு மணிக்குக் காத்திருந்தவன், என் தோளைத் தட்டி விரலால் ஒன்று என்று காட்டினான்.